'இயற்கை ஃபினாஸ்டரைடு' என்றொரு கேப்சூல்: சா பால்மெட்டோவும் கொட்டும் முடியும்

முடி கொட்டுவதற்கென்று விற்கும் மூலிகைக் கேப்சூல் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். கரிசலாங்கண்ணி, நெல்லி, பயோட்டின், துத்தநாகம் என்று நமக்குப் பழகிய பெயர்களுக்கு நடுவே ஒரு வெளிநாட்டுப் பெயர் இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது: சா பால்மெட்டோ. விற்பவர்கள் இதற்குச் சூட்டியிருக்கும் பட்டம் 'இயற்கை ஃபினாஸ்டரைடு'. ஃபினாஸ்டரைடு என்பது ஆண்களின் வழுக்கைக்குத் தோல் மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரை. அந்த மாத்திரை செய்கிற வேலையை இந்தப் பழத்தின் சாறும் செய்யுமாம். ஆனால் மாத்திரையின் பக்கவிளைவு மட்டும் வராதாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபினாஸ்டரைடின் பலனும் பக்கவிளைவும் ஒரே இடத்திலிருந்து வருபவை. உடம்பில் ஒரு ஹார்மோனைக் குறைப்பதால்தான் முடி நிற்கிறது. அதே ஹார்மோன் குறைவதால்தான் சிலருக்குப் பாலுணர்வில் சிக்கல் வருகிறது. ஒரு மூலிகை அந்த ஹார்மோனை உண்மையிலேயே அதே அளவுக்குக் குறைக்கிறது என்றால், அதே தொல்லைகளையும் எதிர்பார்க்க வேண்டும். தொல்லை துளியும் இல்லை என்றால், அது ஹார்மோனைத் தொடவே இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். விற்பனைப் பேச்சு இந்த இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்துத் தருகிறது.

சா பால்மெட்டோ நம் பனைக்கும் தென்னைக்கும் ஒரே குடும்பத்துச் சொந்தம். அமெரிக்காவின் தென்கிழக்கில், முக்கியமாக ஃபுளோரிடாவில், பைன் மரங்களுக்கு அடியில் புதர்புதராக மண்டிக் கிடக்கும் குட்டைப் பனை. மட்டையின் ஓரத்தில் பனங்கருக்கு மாதிரியே கையை அறுக்கும் பற்கள். காட்டுத்தீயில் கருகினாலும் தண்டிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். கோடை முடியும் மாதங்களில் பழுத்துக் கறுக்கும் பழங்களைக் கருங்கரடிகளும் மான்களும் தின்னும். செமினோல் போன்ற பூர்வகுடி மக்களும் உண்டார்கள். 1696-இல் அந்தக் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய பயணிகளுக்கு இந்தப் பழத்தைக் கொடுத்தபோது, புகையிலைச் சாற்றில் ஊறப்போட்ட அழுகல் பாலாடைக்கட்டி மாதிரி இருந்ததாக அவர்களில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கேப்சூலுக்குள் அடைத்து விற்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

அந்தக் காலத்தில் இந்தப் பழத்தையும் தலைமுடியையும் யாரும் முடிச்சுப் போடவில்லை. அமெரிக்க வைத்தியர்கள் இதைச் சிறுநீர்க் கோளாறுகளுக்குக் கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நாட்டு மருந்து நூல்களிலும் இடம் பெற்றிருந்தது. அங்கே மவுசு குறைந்த பிறகு பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளில் வயதான ஆண்களின் ப்ராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கத்துக்கான மருந்தாக மறுவாழ்வு பெற்றது. தலைக்கு அது வந்து சேர்ந்ததும் இந்த ப்ராஸ்டேட் வழியாகத்தான்.

ப்ராஸ்டேட்டுக்கும் வழுக்கைக்கும் என்ன உறவு? விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பது ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே கிரேக்கர்களுக்குத் தெரிந்திருந்தது. 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் அதை முறையாக ஆராய்ந்தார். பருவ வயதுக்கு முன்பே விரையை இழந்தவர்களுக்கு முன்நெற்றி ஏறவில்லை; அவர்களுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு மட்டும் முடி கொட்டத் தொடங்கியது. ஆக, பரம்பரையும் வேண்டும், ஆண் ஹார்மோனும் வேண்டும்.

அடுத்த துப்பு கிடைத்தது டொமினிகன் குடியரசில். சாலினாஸ் என்ற ஊரில் சில குழந்தைகள் பெண்போலப் பிறந்து, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற மருத்துவரின் குழு இவர்களை ஆராய்ந்து 1974-இல் காரணத்தை வெளியிட்டது. டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக, சுருக்கமாக டிஹெச்டியாக, மாற்றும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி இவர்களுக்குப் போதிய அளவில் இல்லை. இவர்கள் வளர்ந்து பெரியவர்களானபோது ப்ராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. தலையில் வழுக்கையும் விழவில்லை. மருந்துக் கம்பெனிக்கு இது போதாதா? அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு 1992-இல் 5 மில்லிகிராம் அளவில் ப்ராஸ்டேட்டுக்கும், 1997-இல் 1 மில்லிகிராம் அளவில் ஆண் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

டிஹெச்டி முடியை வேரோடு பிடுங்கி எறிவதில்லை. ஒரு முடி சில வருடங்கள் வளரும், சில மாதங்கள் ஓய்வெடுக்கும், உதிரும், அதே குழியிலிருந்து புதிதாக முளைக்கும். பரம்பரை வாகுள்ள குழிகளில் டிஹெச்டி படப்பட, ஒவ்வொரு சுற்றிலும் முளைக்கும் முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாத பூனைமுடியாகிவிடுகிறது. இதற்குப் பல வருடங்கள் பிடிக்கும். முன்நெற்றியும் உச்சந்தலையும் காலியானாலும் பிடரிமுடி அப்படியே நிற்பது, அங்குள்ள குழிகளை டிஹெச்டி அவ்வளவாகப் பாதிக்காததால்தான்.

சரி, சா பால்மெட்டோ எங்கே நுழைகிறது? அந்தப் பழத்தை உலர்த்தி எடுக்கும் எண்ணெய்ச் சாற்றில் பெரும்பங்கு கொழுப்பு அமிலங்கள்: ஓலிக், லாரிக், மிரிஸ்டிக் போன்றவை. கூடவே பீட்டா சிட்டோஸ்டெரால் போன்ற தாவர ஸ்டெரால்கள் கொஞ்சம். சோதனைக் குழாயில் இந்தச் சாறு அதே 5-ஆல்ஃபா ரிடக்டேஸை மட்டுப்படுத்துகிறது. 'இயற்கை ஃபினாஸ்டரைடு' என்ற பட்டம் முழுக்க முழுக்க இந்தச் சோதனைக் குழாயிலிருந்து வந்தது. லாரிக் அமிலம் என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும்: தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். லாரிக் அமிலத்தை வாய்வழியாக உள்ளே அனுப்பினாலே வழுக்கை நின்றுவிடும் என்றால், கேரளத்தில் ஒரு சொட்டைத் தலையைக்கூடப் பார்க்க முடியாது.

குழாயை விட்டு உடம்புக்கு வந்தால் கதை மெலிகிறது. ஃபினாஸ்டரைடு ரத்தத்து டிஹெச்டியை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கும். சா பால்மெட்டோ சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அப்படியொரு சரிவு காணப்படவில்லை. 2001-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் ப்ராஸ்டேட் திசுவுக்குள் மட்டும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது; மூலிகைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது இதுதான். இன்னொரு தடயமும் உண்டு. ப்ராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையின் அளவு, ஃபினாஸ்டரைடு எடுத்துக்கொண்டால் பாதியாகிவிடும். சா பால்மெட்டோவை மூன்று மடங்கு அளவில் கொடுத்தும் அது அசையவில்லை. ஹார்மோன் தடுப்பு நடந்திருந்தால் இந்த முள் நகர்ந்திருக்க வேண்டும்.

ப்ராஸ்டேட்டுக்கு இது எவ்வளவு உதவியது என்பதையும் இங்கே பார்த்தாக வேண்டும், ஏனென்றால் இந்த மூலிகை உருப்படியாகச் சோதிக்கப்பட்டது அங்கேதான். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 225 ஆண்களுக்கு ஒரு வருடம் தினமும் 320 மில்லிகிராம் சா பால்மெட்டோ அல்லது மருந்தில்லாத வெற்று மாத்திரை தரப்பட்டது. நாற்றத்தை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடாதபடி வெற்று மாத்திரையையும் அதே வாடையோடு தயாரித்தார்கள். முடிவில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. அளவு போதவில்லையோ என்ற கேள்வி எழுந்தது. 2011-இல் 369 ஆண்களை வைத்து, அளவைப் படிப்படியாக 960 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் வித்தியாசம் இல்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-இலும், பிறகு 2023-இல் புதுப்பித்தபோதும் அதே முடிவுக்குத்தான் வந்தது. ஐரோப்பாவில் ஹெக்ஸேன் என்ற கரைப்பானைக் கொண்டு எடுக்கும் ஒருவகைச் சாற்றுக்கு இன்னும் மருந்து அந்தஸ்து இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் டப்பாவில் இருப்பது அதுதான் என்று நினைத்துவிடக் கூடாது.

இனி முடிக்கு வருவோம். 2002-இல் சா பால்மெட்டோவும் பீட்டா சிட்டோஸ்டெராலும் கலந்த கேப்சூலை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 10 பேரில் 6 பேருக்கு முன்னேற்றம் என்று அது சொன்னது. 'அறுபது சதவீதம் பேருக்குப் பலன், மருத்துவ ஆய்வில் நிரூபணம்' என்று விளம்பரங்கள் முழங்குவது இந்த ஆறு பேரை வைத்துத்தான். 2012-இல் இத்தாலியில் 100 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 320 மில்லிகிராம் சா பால்மெட்டோ, மறுபாதிக்கு 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடு என்று இரண்டு வருடம் கொடுத்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 68 சதவீதம் பேருக்கும், மூலிகை எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கும் முடி கூடியதாகக் கணக்கு. மூலிகையின் பலன் பெரும்பாலும் உச்சந்தலையோடு நின்றது. இதையும் வெற்றியாகச் சொல்கிறார்கள். ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்ட மூன்றாவது குழு அந்த ஆய்வில் இல்லை; யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதும் மறைக்கப்படவில்லை. அந்த 38 சதவீதத்தில் மூலிகையின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியே கிடையாது. ஒப்பிடுவதற்குச் சொல்கிறேன்: ஃபினாஸ்டரைடை வழுக்கைக்குச் சோதித்து 1998-இல் வெளியான ஆய்வில் 1,553 ஆண்கள் இருந்தார்கள், வெற்று மாத்திரைக் குழுவோடு.

இதே வரிசையில் பூசணி விதை எண்ணெயையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014-இல் கொரியாவில் 76 ஆண்களுக்கு 24 வாரம் தினம் 400 மில்லிகிராம் கொடுத்தார்கள். முடி எண்ணிக்கை 40 சதவீதம் கூடியது. வெற்று மாத்திரைக் குழுவில் 10 சதவீதம். இந்த ஆய்வு ஓரளவு ஒழுங்கானது, அதனால் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அந்தக் கேப்சூலில் பூசணி எண்ணெய் தவிர வேறு பல தாவரப் பொடிகளும் கலந்திருந்தன. நம் கரிசலாங்கண்ணிக்கு இருப்பவை பெரும்பாலும் எலி ஆய்வுகள். ரோமம் மழித்த எலியின் முதுகில் முடி சீக்கிரம் முளைத்தது என்பது, நாற்பது வயதுக்காரரின் நெற்றிக்கு எந்த உத்தரவாதமும் தராது.

அப்படியென்றால் 'எனக்கு நின்னுடுச்சு' என்று சொல்லும் இத்தனை பேரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களுக்கு நின்றது உண்மை. நிறுத்தியது எது என்பதில்தான் கேள்வி. டெங்கு, டைபாய்டு, கோவிட் மாதிரியான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, பெரிய துக்கம் என்று உடம்பு ஒரு அடி வாங்கினால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை மொத்தமாக உதிரும். சீப்பிலும் குளியலறை வடிகாலிலும் கொத்துக் கொத்தாக வரும், பார்த்தவர் பதறிப்போவார். சாதாரண நாளிலேயே 50 முதல் 100 முடி வரை போகும். அப்போது அதைப்போல் பல மடங்கு போகும். வேர் சாகவில்லை என்பதால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கும்.

இப்போது நாட்களைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சல் ஜனவரியில். கொட்டுவது மார்ச், ஏப்ரலில். இணையத்தில் தேடி, ஆறு மாதப் பேக்கேஜாகக் கேப்சூல் வாங்குவது மே மாதம். தானாக நிற்க வேண்டிய நேரம் ஜூலை, ஆகஸ்ட். பெயர் கேப்சூலுக்கு. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம் தேய்ப்பவர்கள் சொல்லும் அனுபவத்திலும் இதே விஷயம் பெருமளவு உண்டு. ஒன்றிரண்டு சின்ன வட்டங்களாக விழும் புழுவெட்டு பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்து மூடிக்கொள்ளும். புழுவெட்டு என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடிக்குழியைத் தாக்குவதால் வருவது. டிஹெச்டியைக் குறைப்பதாகச் சொல்லும் எந்தச் சரக்குக்கும் அங்கே வேலையே இல்லை.

பெண்களுக்கு இந்தக் கேப்சூலை விற்பதுதான் எனக்கு இன்னும் நெருடலாக இருக்கிறது. பெண்களின் முடி உதிர்வில் ஹார்மோன் வழுக்கை ஒரு பகுதிதான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1 மில்லிகிராம் ஃபினாஸ்டரைடே பலன் தரவில்லை என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அசலே சறுக்கிய இடத்தில் நகலை விற்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்ற ஒரு கேள்வி: பல பெண்களுக்கு விடை இங்கேயே கிடைத்துவிடும். கேப்சூலை நம்பி ஆறு மாதம் போக்கினால், இரும்புச்சத்துக் குறைவும் ஆறு மாதம் கவனிப்பாரின்றிக் கிடக்கும்.

ஃபினாஸ்டரைடைக் கண்டு மக்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1 மில்லிகிராம் அளவில் நடந்த சோதனைகளில் பாலுணர்வு சார்ந்த ஏதேனும் ஒரு தொல்லை மருந்து எடுத்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரைக்காரர்களில் 2.1 சதவீதம் பேருக்கும் வந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் தொல்லை தொடர்வதாகச் சிலர் புகார் சொன்னதை 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்துக் குறிப்பில் சேர்க்க வைத்தது. இன்னொரு பக்கமும் உண்டு. 2007-இல் இத்தாலியில் ப்ராஸ்டேட்டுக்கு 5 மில்லிகிராம் கொடுத்தபோது, பக்கவிளைவைப் பற்றி முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேரும், சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம் பேரும் அந்தத் தொல்லையைத் தெரிவித்தார்கள். பயம் தன் பங்குக்கு வேலை செய்கிறது. எப்படியானாலும் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்கலாம். வேண்டாம் என்பவர்களுக்குத் தலையில் தடவும் மினாக்ஸிடில் 1988-இலிருந்து இருக்கிறது. அது டிஹெச்டியைத் தொடுவதில்லை.

மூலிகைக்கு ஒத்துக்கொள்ளாத பக்கமே இல்லையா என்றால், பெரும்பாலோருக்கு வயிற்று உபாதையைத் தாண்டி எதுவும் வருவதில்லை. ஆனால் 2012-இல் இத்தாலியிலிருந்து ஒரு நிகழ்வு மருத்துவ இதழில் பதிவானது. முடி உதிர்வுக்காகச் சா பால்மெட்டோ கொடுக்கப்பட்ட 11 வயதுச் சிறுமிக்கு, மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு வருவதுபோல உடம்பெங்கும் திடீர் வெப்ப அலை வரத் தொடங்கியது. நிறுத்தினார்கள், நின்றது, மறுபடி கொடுத்தார்கள், திரும்ப வந்தது. கர்ப்பிணிகள் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது என்பார்கள். வயிற்றிலிருப்பது ஆண் குழந்தையானால் அதன் பிறப்புறுப்பு உருவாக டிஹெச்டி வேண்டும். அந்த ஹார்மோனைத் தடுப்பதாகத் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு பொருளும் அதே காரணத்தால் அவர்களுக்கு ஆகாது.

டப்பாவுக்குள் எழுதியபடி சரக்கு இருக்கிறதா என்பது தனிக் கவலை. இந்தப் பனையைத் தோட்டமாகப் பயிரிடுவது அரிது. பெரும்பாலும் காட்டிலிருந்து பறிக்கிறார்கள். பறிப்பவர்கள் பலரும் புலம்பெயர்ந்து வந்த கூலித் தொழிலாளர்கள். கருக்கு கையை அறுக்கும், புதருக்குள் விரியன் வகைப் பாம்புகளும் குளவிகளும் இருக்கும். விலை ஏறியதும் திருட்டுப் பறிப்பு பெருகி, கரடிகளுக்கு மிச்சமில்லாமல் போகும் நிலை வந்ததால், 2018 முதல் ஃபுளோரிடா அரசு பறிப்பதற்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. பழம் அரிதாகி விலை ஏறினால் கலப்படமும் வரும். பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களைக் கலந்து சா பால்மெட்டோ என்று விற்பது பிடிபட்டிருக்கிறது. அடிப்படை அமிலங்கள் ஒன்றுபோல இருப்பதால் மேலோட்டமான பரிசோதனையில் தப்பித்துவிடும். தேங்காய் எண்ணெயைக் கேப்சூல் விலைக்கு வாங்கி விழுங்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

சட்டம் என்ன செய்கிறது? அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இப்படிப்பட்ட துணை உணவுகளை விற்குமுன் அவை பலன் தரும் என்று நிரூபிக்கத் தேவையில்லை. இந்தியாவில் இவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன. டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். மருந்தாகவே விற்றாலும், 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது. அதனால்தான் டப்பாவில் 'முடி ஆரோக்கியத்துக்குத் துணைபுரியும்' என்று அடக்கமாக இருக்கும். வழுக்கை, புதுமுடி, முன்பின் படங்கள் எல்லாம் வீடியோக்காரர் வாயிலிருந்து வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் முயன்று பார்க்க நினைப்பவர்கள் இருப்பார்கள்; ஆண் வழுக்கையின் ஆரம்பத்தில் இருக்கும் ஆரோக்கியமான ஆணுக்குப் பெரிய ஆபத்து இல்லை, பணம்தான் செலவு. ஆய்வுகளில் பயன்பட்டது நாளொன்றுக்கு 320 மில்லிகிராம் சாறு. வெறும் பழப்பொடியை அதே எடையில் அடைத்திருந்தால் அது அந்த அளவு ஆகாது. ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், உலர்ந்த தலையை முதல் நாளும் ஆறாவது மாதமும் படம் எடுத்து ஒப்பிட்டால் மாற்றம் உண்டா என்று தெரியும். கூடவே பயோட்டின் அதிக அளவில் இருக்கும் கேப்சூலானால், ரத்தப் பரிசோதனைக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள். அது தைராய்டு அளவையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் அளவையும் தவறாகக் காட்டக்கூடும் என்று எஃப்டிஏ 2017-இல் எச்சரித்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் மயக்க மருத்துவரிடமும் இந்தக் கேப்சூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சா பால்மெட்டோ எடுத்தவர்களுக்கு ரத்தக்கசிவு கூடியதாக ஓரிரு பதிவுகள் உண்டு. 'மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?' என்று அவர் கேட்கும்போது, மூலிகைதானே என்று பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.